வேறு டாக்டர்

"எனக்கு வேற டாக்டர் வேணும்."

சொல்லிவிட்டேன். வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை மூழ்கியிருந்த தலைகளெல்லாம் என் பக்கம் திரும்பின. எங்கள் ஊரான அகுரேரியில் எல்லாப் பஞ்சாயத்தும் நீச்சல்குளத்துத் தொட்டியில்தான் நடக்கும், தலைமேல் பனி விழுந்தாலும். 'இதை மட்டும் கேட்டுடாதே' என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மீன் ஆலையில் வேலை செய்கிறவள். இத்தனூண்டு ஊரில் யாரையும் பகைத்துக்கொள்ளப் பயம். டாக்டர் அஸ்பியோர்ன், என் பயிற்சியாளர் ஹல்க்ரீமுரின் மச்சான். இருவரும் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"என் மச்சானுக்கு என்ன குறைச்சல், கண்ணு?" ஹல்க்ரீமுர் சிரித்தார்.

"பாதத்தைக் கட்டைவிரலால அமுக்கிப் பாத்துட்டு ஒண்ணுமில்லங்கறாரு. ஸ்கேனே எடுக்கல."

"பட்டம் வாங்கினதும் டாக்டருக்கே பாடமா?" என்றார் அஸ்பியோர்ன்.

தொட்டியே சிரித்தது. எங்கள் குடும்பத்தில் முதல் கல்லூரிப் பட்டம் என்னுடையது. அதை எடுத்துத்தான் என்மேல் வீசுவார்கள்.

சனிக்கிழமை தலைநகரில் ஒரே நாளில், ஓட்டமும் தாண்டலுமாக, ஐந்து தடகளப் போட்டி. உயரம் தாண்ட இடது காலை ஊன்றும்போதெல்லாம் பாதத்துக்குள் எதுவோ பிளக்கக் காத்திருக்கிறது. மாடிப்படி இறங்கவே பயம். தூக்கத்தில் எலும்பு ஒடியும் சத்தம் கேட்டு விழிக்கிறேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். போன குளிர்காலம், என்னோடு பயிற்சி செய்த எய்தீஸ் நீளம் தாண்டியபோது பக்கத்தில் நின்றிருந்தேன். அதற்கு முன் அவளுக்கும் அதே கட்டைவிரல்தான் வைத்தியம் பார்த்தது. இன்றும் விந்தி விந்தித்தான் நடக்கிறாள்.

"எய்தீஸ்கிட்டயும் ஒண்ணுமில்லன்னுதானே சொன்னீங்க?"

சிரிப்பு நின்றது. எய்தீஸின் சித்தப்பா என் பக்கத்திலேயே இருந்தார். நீராவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹல்க்ரீமுர் குரலைத் தாழ்த்தினார். "வேற டாக்டர் வேணும்னா வேற கோச்சையும் தேடிக்கோ. ஐரோப்பியப் போட்டிக்கு ஒரே ஒரு பொண்ணைத்தான் அனுப்புவாங்க. சனிக்கிழமை நீ தாண்டலன்னா, அது நீ இல்ல."

இந்த ஊரில் வேறு கோச் கிடையாது. தொட்டி விளிம்பைப் பிடித்து எழப் போனேன்.

"அப்ப வேற பொண்ணை அனுப்புங்க."

"உக்காரு சோல்ரூன். எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்" என்றார் ஹல்க்ரீமுர்.

தலைநகர் ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை ஸ்கேனுக்கு இன்று காலையிலேயே நேரம் வாங்கியிருந்தேன். இவர் வாயால் ஒரு 'சரி' வருமா என்று பார்க்கத்தான் கேட்டேன். ஸ்கேனில் என்ன தெரியுமோ என்ற பயம் தனி.

எழுந்தேன். காற்று ஈர உடம்பை அறுத்தது. பின்னால் என் பெயரைக் கூப்பிட்டார்கள். இடது காலை மெல்ல ஊன்றி, உடைமாற்றும் அறைக் கதவைத் தள்ளினேன்.