முப்பத்தெட்டாவது பாரம்

அறுநூற்றெட்டுப் பக்க நாவல் ஒன்றின் கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை, அந்த நாவலில் ஒரு வரிகூடப் படிக்காமல் நான் சொன்னேன். ஊரில் உள்ளவர்களை எல்லாம் வாயைத் திறக்கச் சொல்லியே நாற்பது வருடம் பிழைத்த ஒரு பல் டாக்டர், அதைக் கேட்டுத் தன் வாயைத் திறந்தார். மூட அவருக்குக் கால் மணி நேரம் பிடித்தது. அதற்குள் எத்தனை கொசு உள்ளே போய்க் குடும்பத்தோடு திரும்பி வந்தது என்பதை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அளக்கிறேன் என்பீர்கள்.

இதை இன்றுவரை கேட்ட எல்லோரும் கேட்டவுடன் நம்பினார்கள், ஒருவனைத் தவிர. அவன் என் மைத்துனன், மனைவிக்குத் தம்பி. இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். எரிந்துபோன கிடங்கின் சாம்பலை முகர்ந்து பார்த்து "இது தானா எரிஞ்சது இல்ல" என்று எழுதிக் கொடுத்த மூக்கு அவனுடையது. என் கல்யாணத்துக்கே அவன் பாதி நம்பிக்கையோடுதான் வந்திருந்தான்.

நான் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன். புத்தகத்தின் முதுகு எனக்குத் தெரியும், வயிற்றில் என்ன இருக்கிறது என்பது மற்றவர்கள் பாடு. பிறகு எதற்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் நாலு மணிக்கு நூலகத்து மாடியில் நடக்கும் வாசகர் கூட்டத்துக்குப் போனேன் என்றால், என் மனைவி போவாள், அதனால் போனேன். அவள் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். யாராவது பேசினால் தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்த்துக்கொண்டு கேட்பாள். காதில் இன்னும் அந்தக் கருவி மாட்டியிருப்பது போல இருக்கும். அவள் அப்படிக் கேட்டால் ஊமைக்கும் கதை சொல்லத் தோன்றும். நாற்பத்தொரு வருடமாக அந்தச் சாய்ந்த தலை என் தனிச் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பல் டாக்டர் வந்து சேர்ந்தார். மனைவி போய்ப் பத்து வருடம் ஆன மனிதர். வெள்ளைச் சட்டை, வெள்ளை முடி, முப்பத்திரண்டும் சொந்தப் பல். குரல் இருக்கிறதே, அந்தக் குரலில் "திறங்க" என்றால் பல் தானாகக் கழன்று கையில் வந்து விழும் என்று ஊரில் சொல்லுவார்கள். சொன்னது நான்தான், இருந்தாலும் உண்மை. மூன்றாவது வாரமே என் மனைவி என் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அங்க ஏன் போனே?"

"இங்க ஃபேன் காத்து வரல."

எனக்கு உள்ளே அடுப்பே எரிந்தது. இவளுக்குக் காற்று வரவில்லையாம்.

அந்தச் சமயத்தில்தான் அந்த நாவல் வந்தது. ஊரெல்லாம் அதே பேச்சு. பழைய தேவாலயம் ஒன்றில் சுண்ணாம்பு அடிக்கப் போன இடத்தில் பழைய பூச்சு உதிர்ந்து, அடியில் ஒரு சுவரோவியம் தெரிகிறது. பிதாவும் குமாரனும் அமர்ந்திருக்கும் மேசையில் அவர்களுக்குச் சமமாக ஒரு பெண். கை இருக்கிறது, கையில் ரொட்டி இருக்கிறது, முக்காடு இருக்கிறது. கண்கள் மட்டும் இல்லை. யாரோ உளியால் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். கடவுளுக்குப் பெண் முகமும் உண்டு என்பதை மறைத்தது யார், கண்ணைச் சுரண்டியது யார் என்று அறுநூறு பக்கமும் ஆட்கள் ஓடுகிறார்கள், துரத்துகிறார்கள், நிலவறைக்குள் விழுகிறார்கள். இவ்வளவும் நான் படித்தது அல்ல, என் மனைவி போனில் பேசியதை ஒட்டுக்கேட்டது.

நூலகத்துக்கு வந்தது ஒரே பிரதி. அதுவும் வந்த அன்றே முதுகு விட்டுவிட்டது. நூலகர் அம்மா அதை என்னிடம் கொடுத்து, "பைண்டர் சார், இதத் தைச்சுக் கொடுங்க. ஆனா அஞ்சு பேர் படிக்கணும், வரிசையில நின்னா ஆறு மாசம் ஆகும்" என்றார். எனக்கு ஒரு யோசனை வந்தது. புத்தகம் மொத்தம் முப்பத்தெட்டு பாரம். பாரம் என்றால் பதினாறு பக்கமாக மடித்த தாள் கட்டு, எங்கள் தொழிலில் அதுதான் கணக்கு. எப்படியும் பிரித்துத்தான் தைக்க வேண்டும். பிரித்ததை ஐந்து பாகமாகக் கட்டி ஆளுக்கொன்று கொடுத்து வாரா வாரம் மாற்றிக்கொண்டால், ஐந்தே வாரத்தில் ஐந்து பேரும் படித்துவிடலாம். பிறகு சேர்த்துத் தைத்துக்கொள்ளலாம்.

"அட, நல்ல யோசனை!" என்றார் நூலகர் அம்மா. நல்லதில் கெட்டது ஒளிந்திருந்தது அவருக்குத் தெரியாது. யாருக்கு எந்தப் பாகம் என்று முடிவு செய்வது நான் அல்லவா? என் மனைவிக்கு முதல் பாகம். பல் டாக்டருக்குக் கடைசிப் பாகம். முதலையும் முடிவையும் வைத்துக்கொண்டு இரண்டு பேர் என்ன பேச முடியும்? தையல் கடை அம்மாவுக்கு இரண்டாவது, கணக்கு சிஸ்டருக்கு நாலாவது, மூன்றாவது எனக்கு. கணக்கு சிஸ்டர் கன்னியாஸ்திரீ. பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர், ஊரில் பாதிப் பேருக்கு இன்னமும் அவரைக் கண்டால் வாய்ப்பாடு மறந்துபோகும்.

கடைசி பாரத்தில், அதாவது முப்பத்தெட்டாவதில், ஒரு குறை இருந்தது. மேல் மடிப்பில் வெட்டு விழவில்லை. கதை முடிகிற நான்கு பக்கங்கள் ஒட்டிய பை மாதிரி உள்ளே மூடிக் கிடந்தன. நானே வெட்டியிருக்கலாம். பல் டாக்டர் படட்டும் என்று அப்படியே கட்டிக் கொடுத்தேன். அந்த அளவுக்கு இறங்கிவிட்டேன்.

இறங்கியதற்குப் பலன் மறுநாளே கிடைத்தது. காலையில் போன் அடித்தது. பல் டாக்டர்.

"மேடம், என் கையில முடிவு இருக்கு. ஆனா ஆரம்பம் தெரியாம ஒண்ணும் புரியல. அந்த முக்காட்டுக்கு என்ன நிறம்?"

"நீலம் சார். முடிவு என்ன சார்?"

"சொல்லமாட்டேனே."

"ஒரே ஒரு குறிப்பு!"

"ம்ஹூம்."

என் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கடைசியாகக் கேட்டபோது எனக்குத் தலையில் முடி இருந்தது. பிரித்து வைத்தால் பேச்சு நிற்கும் என்று நினைத்தேன். பாதி அவளிடம், பாதி அவரிடம் என்று நானே பங்கு வைத்துக் கொடுத்து, பேசாமல் இருக்க முடியாதபடி செய்துவிட்டேன். அந்த வாரம் முந்நூறு தடவை போன் அடித்தது. சரி, பதினேழு. பதினேழும் முந்நூறு மாதிரிதான் அடித்தது. நான் மூன்றாவது பாகத்தின் முடிச்சைக்கூட அவிழ்க்கவில்லை. கதவோரம் நிற்கவே நேரம் போதவில்லை.

சனிக்கிழமை வந்தது. ஆறு இரும்பு நாற்காலிகள், வட்டமாக. அவள் அவர் பக்கத்தில். நான் எதிரே, முடிச்சு அவிழாத பாகத்தை மடியில் வைத்துக்கொண்டு.

"சரி, கண்ணச் சுரண்டினது யாரு?" என்று ஆரம்பித்தார் நூலகர் அம்மா.

"ராஜாதான்" என்றார் தையல் கடை அம்மா. "ரெண்டாம் பாகத்துல அவன் முழியே சரியில்ல. பொம்பள சாமிக்குப் பக்கத்துல உக்கார இடம் கொடுத்துட்டா, நாளைக்கு ராணியும் கேப்பான்னு பயம்."

"என் பாகத்துல எங்க பிஷப் மேல பழி" என்றார் சிஸ்டர். "எல்லா நாவல்லயும் அந்த வேலைக்கு அவரைத்தான் வெச்சிருக்காங்க. பாவம், ஓய்வே இல்ல."

"உங்களுக்குக் கோபம் வரலையா சிஸ்டர்?" என்று கேட்டார் நூலகர் அம்மா.

"எதுக்கு? கடவுளுக்கு ஆம்பள பொம்பள ஏது? அப்பான்னு கூப்பிடறோம், பழக்கம். கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் என் கிளாஸ்ல அம்பது பிள்ளைங்களும் கண்ண மூடி 'அம்மா'ன்னுதான் கூப்பிட்டுது. யாருக்கும் பதில் வராம இல்ல. சில பேர் பாஸ்கூட ஆனாங்க."

என் மனைவி, "எனக்கென்னவோ சுண்ணாம்பு அடிக்க வந்தவன் மேலதான் சந்தேகம்" என்று சொல்லிவிட்டுப் பல் டாக்டரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடித் திறந்தார். இல்லை என்று அர்த்தம். அதற்கு அவள் தலை இடப்பக்கம் சாய்ந்தது.

என் தலை தன் இடத்தில் இல்லை.

"பைண்டர் சார், உங்க பாகம் என்ன சொல்லுது?"

"நான் படிக்கல" என்றேன். "ஆனா யாருன்னு தெரியும்."

சிரித்தார்கள். பல் டாக்டர் மற்றவர்களைவிட அரை நொடி அதிகமாகச் சிரித்தார். அந்த அரை நொடிதான் என்னை எழுப்பி நிறுத்தியது.

"ராஜாவும் இல்ல, பிஷப்பும் இல்ல. ஒரு விஷயம் பிடிக்காதவன் முழுப் பக்கத்தையும் கிழிப்பான். நூலகத்துக்குத் திரும்பி வர்ற புத்தகம் எத்தனை தைச்சிருக்கேன், எனக்குத் தெரியும். அவங்களுக்கு அந்த அம்மா வேண்டாம்னா சுவரையே இடிச்சிருப்பாங்க. கைய விட்டுட்டான், ரொட்டிய விட்டுட்டான், முக்காட்டுல ஒரு கீறல் இல்ல. கண்ண மட்டும் எடுத்திருக்கான்னா அவன் அவள வெறுக்கிறவன் இல்ல. வரைஞ்சவனே அவன்தான்."

நான் நிறுத்தவில்லை.

"அவன் வீட்டுக்காரிய உக்காரவெச்சுத்தான் வரைஞ்சிருப்பான். வேற முகம் அவனுக்கு எங்க தெரியும்? வரைஞ்சு முடிச்சான். ஊரே வந்து விழுந்து கும்பிட்டுது. ஆளாளுக்கு, 'அம்மா என்னத்தான் பாக்கறா'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அவனுக்குப் பெருமையா இருந்திருக்கும், ஒரு வாரம். அப்புறம் ஒரு நாள் தள்ளி நின்னு பாத்திருக்கான். அவ எல்லாரையும் பாக்கறா. அவன் சொல்றத மட்டும் கேட்டுட்டு இருந்தவ, யார் வந்து பேசினாலும் கேக்கறா. இவன் ஒருத்தன் கூட்டத்துல கடைசியில நிக்கறான், அங்க காத்துகூட வரல. என்ன செய்வான்? அவள அழிக்க மனசு வருமா? அந்தப் பார்வை போனாப் போதும்னு நினைச்சான், மடையன். சுரண்டினதுக்கு அப்புறம் அவனையும் அவ பாக்க மாட்டான்னு அவனுக்குத் தோணவே இல்ல."

உட்கார்ந்தேன். நான் எந்தச் சுவரைப் பற்றிப் பேசினேன் என்று தையல் கடை அம்மாவுக்குக்கூடப் புரிந்துவிட்டது, புடவை முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்த வாய் திறந்தது.

"சார்..." என்றார் பல் டாக்டர். "இது... கடைசிப் பக்கத்துல இருக்கு. நேத்துதான் வெட்டிப் படிச்சேன். ஓவியன்தான். அவன் மனைவிதான். உங்களுக்கு எப்படி?"

கணக்கு சிஸ்டர் ஒரு தடவை தொண்டையைக் கனைத்தார். "கதைக்கு இது சரி. சபையோட வரலாறு ஒரு ஓவியனோட வயித்தெரிச்சல்ல அடங்கிடாது, அத நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா எரிச்சல்னா என்னன்னு எங்க சாமிக்கும் நல்லாத் தெரியும். அதனால பைண்டர் சாருக்குப் பாவ மன்னிப்பு உண்டு."

என் மனைவி எழுந்தாள். அந்த இரும்பு நாற்காலி நூறு கிலோ இருக்கும். அதைத் தரையோடு கிறீச்சென்று இழுத்துக்கொண்டு வட்டத்தின் நடுவே நேராக வந்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"இங்க காத்து வராதே" என்றேன்.

"பரவால்ல. இன்னும் என்னென்ன தோணுச்சு அந்த ஓவியனுக்கு? சொல்லுங்க, கேக்கறேன்."

தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. எனக்கு அதற்குமேல் பேச வரவில்லை. என் வாழ்க்கையிலேயே அது முதல் தடவை.

மறுநாள் இதை மைத்துனனிடம் சொன்னேன். காபியை ஆற்றிக்கொண்டே கேட்டான்.

"அத்தான், காதுல பூ சுத்தாதீங்க. புத்தகத்தப் பிரிச்சது நீங்க. பிரிக்கும்போதே கடைசிப் பக்கத்தப் பாத்துட்டீங்க. க்ளெய்ம் தள்ளுபடி."

"அது வெட்டாத பாரம், மாப்ளே. பை மாதிரி ஒட்டியிருந்தது."

"ஆதாரம்?"

"போய் டாக்டரக் கேளு."

"சும்மா போய்க் கேட்டா, உங்களுக்காகப் பொய் சொல்லுவாரு. கூட்டாளிங்க."

கூட்டாளியாம். என் வயிற்றில் இத்தனை நாள் அடுப்பு மூட்டியவரை என் கூட்டாளி என்கிறான்!

அவன் தொழில்முறையில் இறங்கினான். பல் வலிக்கிறது என்று பொய் சொல்லிக்கொண்டு கிளினிக்குக்குப் போய், அந்த நாற்காலியில் சாய்ந்தபடி பேச்சுவாக்கில் விசாரிப்பது அவன் திட்டம். சனிக்கிழமை அமளியில் பாகங்களை மாற்றிக்கொள்ளவே மறந்துவிட்டோம், அதனால் மேசைமேல் ஐந்தாம் பாகம் கிடந்திருக்கிறது. எடுத்துப் பார்த்திருக்கிறான். அந்த நான்கு பக்கங்களின் மேல் விளிம்பு மட்டும் ரம்பம் மாதிரி, கிளினிக் கத்தியால் அறுத்த தழும்போடு. அறுத்த இடத்துக் காகிதத் துணுக்குகள் அந்தப் பக்கங்களுக்கு நடுவிலேயே இன்னும் கிடந்தனவாம். முகர்ந்தும் பார்த்திருக்கிறான். அதோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அந்தக் குரல் "திறங்க" என்றிருக்கிறது. இவன் திறந்திருக்கிறான். உள்ளே நிஜமாகவே ஒரு கடைவாய்ப் பல் சொத்தை.

மாலையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். ஒரு கன்னம் பூசணி மாதிரி. வாயில் பஞ்சு.

"என்னடா இது?" என்று என் மனைவி பதறிப்போய் அவனை உட்கார வைத்தாள்.

அவன் அவளைப் பார்க்காமல் என்னையே பார்த்தான். அப்புறம் அவளிடம் திரும்பி, பஞ்சைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, "அக்கா, நாற்காலிய நீயே இழுத்தியா?" என்றான்.

"ஆமா. இப்ப அதுக்கென்ன?"

நாற்பத்தொரு வருடத்தில் அவன் இப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

"நடந்திருக்கு, அத்தான்" என்றான்.