சிவப்பு நூல் கட்டிய ஹெலிகாப்டர்

"புடவை எடுக்க எவடி தனியா வர்றா? பொண்ணு, அம்மா, அத்தை, நாத்தனார்னு கூட்டமாத்தான் வர்றாங்க. மேலேர்ந்து கோபுரம் பாக்கவும் அப்படித்தான் வருவாங்க. நாலு சீட்டு வண்டியே எடு!"

காலையிலிருந்து கமலவேணி மகளைத் துளைத்தெடுத்துக்கொண்டிருந்தாள். பட்டுக்கடை நடத்துகிறவள் வாய் சும்மா இருக்குமா? மகள் இளவரசியோ ஹெலிகாப்டர் ஓட்டவும், பிறருக்குக் கற்றுக்கொடுக்கவும் லைசென்ஸ் வாங்கியவள். காஞ்சிபுரத்திலேயே பயிற்சிப் பள்ளி திறக்க வேண்டும், கற்றுக்கொண்டவர்கள் ஆசைப்பட்டால் அதே வண்டியை வாடகைக்கு விட வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

"மா, கத்துக்க வர்றவங்கதான் நமக்குச் சோறு போடப்போறாங்க. வாத்தியாருக்கு ஒரு சீட்டு, படிக்கிறவனுக்கு ஒரு சீட்டு, போதும். பெரிய வண்டி குடிக்கிற பெட்ரோலுக்கு நம்ம கடைய எழுதிக் குடுக்கணும். நாளைக்கு வாடகைக்கு கேக்கறவனும் கை பழகின வண்டியத்தான் கேப்பான்."

ஓரிக்கை தாண்டி, பாலாற்றுப் பக்கம் ஒரு தனியார் மைதானம். பழைய ஹெலிகாப்டர் வாங்கி விற்கிற சிட்டிபாபு அங்கே இரண்டை நிறுத்தியிருந்தார். வெள்ளை நாலு சீட்டு, நீலம் இரண்டு சீட்டு.

"இத ஓட்டறதா, இல்ல இடுப்புல தூக்கிக்கினு போறதா?" என்று நீலத்தைப் பார்த்துக் கமலவேணி கிண்டலடித்தாள். ஆனால் இளவரசி அதைக் குனிந்து, நிமிர்ந்து, தடவித் தடவிச் சோதித்த விதத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். மனசுக்குள் முடிவு செய்துவிட்டவள் புடவையைத் தொடுகிற தொடுகை அது. கமலவேணிக்குத் தெரியாதா? சரி, நீலமே இருக்கட்டும் என்று அவளும் இறங்கி வந்தாள்.

சோதித்து முடித்த இளவரசி, பறக்க அனுமதி கேட்டு போன் பேச ஷெட்டுக்குள் போனாள். அந்த நேரம் பார்த்து வேலூரிலிருந்து பிரேம்நாத் என்று ஒருத்தன் காரில் வந்து இறங்கினான். அவனும் வாங்க வந்தவன்தான். வெள்ளையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே நீலத்திடம் போய், சுற்றிச் சுற்றி போட்டோ எடுத்தான்.

போச்சுடா! கமலவேணியின் கை தன் கைப்பைக்குள் போனது.

அவள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. புடவையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, சாப்பிட்டு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று யாராவது போனால், அதன் முனையில் சிவப்புப் பட்டுநூல் கட்டிவிடுவார்கள். நூல் கட்டிய புடவையை வேறு யாருக்கும் பிரித்துக் காட்ட மாட்டார்கள். கைப்பையில் நூல் எப்போதும் இருக்கும். ஹெலிகாப்டருக்கு முனை எது? வால்தான். வால் விசிறியை ஒட்டியிருந்த சின்னக் கம்பிகளைச் சேர்த்து நன்றாகச் சுற்றி, அவிழாத முடிச்சாகப் போட்டாள்.

"இத நாங்க எடுத்தாச்சு தம்பி" என்றாள். பிரேம்நாத் திருதிருவென்று விழித்தான்.

இளவரசி ஓடி வந்து ஏறினாள். மண்ணை வாரி இறைத்துக்கொண்டு வண்டி எழும்பியது. கமலவேணி குழந்தை மாதிரி கை தட்டினாள். பக்கத்தில் மெக்கானிக் சாமுவேல் நின்றிருந்தான்.

"ஏன்பா, மேல அவ்ளோ பெரிய விசிறி இருக்குது, வால்ல எதுக்கு இன்னொண்ணு?"

"அதுதாம்மா வண்டிய நேரா வெச்சிக்கினு இருக்குது. அங்க இருக்கிற கம்பி அசையலன்னா வண்டி பம்பரமா சுத்திடும்."

கமலவேணி அவன் கையை இறுக்கிப் பிடித்தாள். "சாமுவேலு... நான் அதுல நூலு கட்டிட்டேன்பா."

"என்னாது?"

"பட்டுநூலு. வேற யாரும் எடுத்துடக் கூடாதுன்னு..."

சாமுவேல் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியை எடுத்து, உடனே இறக்கச் சொல்லிக் கத்தினான். மேலே வண்டியின் மூக்கு, யாரோ பிடித்து இழுத்தாற்போல ஒரு பக்கமாகத் திரும்பியது. அய்யோ, என் பெண்ணே! கமலவேணி தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். தெரிந்த சாமி பேர் ஒன்றுகூட வரவில்லை. வண்டி ஆடி, சரிந்து, ஒற்றைக் காலில் தரையில் இடித்து, குதித்து, உட்கார்ந்தது.

இளவரசி இறங்கினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

சாமுவேல் அறுத்தெடுத்த நூலைப் பார்த்துச் சிட்டிபாபு கொதித்தார். "இதக்கூட பாக்காம ஏறினியாமா? நீயா நாலு பேருக்குக் கத்துக்குடுக்கப்போற?"

"அவள திட்டாதீங்க, நான்தான் கட்டினேன்! அவ பாத்துட்டுப் போனப்புறம் கட்டினேன்!" கமலவேணி குறுக்கே விழுந்தாள்.

"ஏறும்போது மறுபடியும் பாத்திருக்கணும். தப்பு என்னுதுதான் சார்" என்றாள் இளவரசி. பிறகு அம்மாவிடம் திரும்பினாள். "வேலிக்கு அந்தாண்ட போய் நில்லுமா."

"கண்ணு, தெரியாம..."

"போ. இனிமே வண்டி கிட்டயே வராத. பள்ளிக்கூடம் தொறந்தாலும் வராத."

நெசவாளியும் வியாபாரியும் எதிரில் நின்று குரல் உயர்த்தவே பயப்படுகிற கமலவேணி, மகள் சொன்னபடியே நடந்துபோய் வேலிக்கு வெளியே நின்றாள். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள்.

இளவரசி சாமுவேலோடு மூக்கிலிருந்து வால் வரைக்கும் மறுபடியும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் முடிந்ததும் கடைசியாக வேலிப் பக்கம் திரும்பி, அம்மா அங்கேயேதான் இருக்கிறாளா என்றும் பார்த்துக்கொண்டாள்.