எங்கள் வீட்டுக் குரல்

பழவேற்காட்டில் எங்கள் குடும்பத்தாரின் குரல் தனியாகத் தெரியும். கொஞ்சம் மூக்கில் இழுத்து வரும். அரபு நாட்டிலிருந்து கப்பலில் வந்த முன்னோர் விட்டுச் சென்றது என்று என் வாப்பா சொல்வார். பெண் கொடுக்கப் போனாலும் எடுக்கப் போனாலும், "நாங்கள் அரபுக் குரல்காரர்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவோம்.

அந்தக் குரலைக் குறை என்று சொன்னது வெளியாள் இல்லை. என் மகள் இர்பானா. பொன்னேரியில் ரயிலேறிச் சென்னைக்குப் போய், பேச்சும் செவியும் பற்றிய படிப்புப் படிக்கிறாள். முதல் ஆண்டில் உடலமைப்புப் பாடம். அண்ணம், குரல்வளை, காது எலும்பு என்று சுவரெல்லாம் படம் ஒட்டியிருந்தாள். சகித்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு காலை, என் மகன் பைசலின் பெண் குழந்தை முபீனாவை உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, செல்போன் வெளிச்சத்தில் பார்த்தாள். குழந்தைக்கு ஐந்து வயது. அது 'பாப்பா' என்றால் 'மாம்மா' என்று கேட்கும். புரியவில்லை என்று பள்ளியில் அதை வாசிக்கச் சொல்வதையே விட்டுவிட்டார்கள்.

"வாப்பா, உள்நாக்கு ரெண்டாப் பிளந்துகினு இருக்கு பாருங்க. மேல தோல் மூடிகினு இருக்கு, உள்ள சதை சேரவே இல்ல. பேசறப்போ அண்ணம் எழும்பி மூக்கு வழிய அடைக்கணும். இவளுக்கு அடைக்கல."

ஒரு கைக்கண்ணாடியைக் குழந்தையின் மூக்குக்குக் கீழே பிடித்து, 'பப்பாளி' சொல்லச் சொன்னாள். கண்ணாடியில் ஆவி படிந்தது.

"காத்து மூக்கால போயிடுது. ஆபரேஷன் பண்ணா சரியாயிடும். தள்ளிப்போட்டா கஷ்டம்."

"அது நம்ம குரல்," என்றேன்.

"குரல் இல்ல வாப்பா. ஓட்டை."

"ஊர்ல இன்னா பேசுவாங்க தெரியுமா? சலாஹுதீன் ஊட்டுப் பொண்ணுங்களுக்கு வாய் பிளந்துகினு இருக்குன்னு பேசுவாங்க. அப்புறம் உன்னை எவன் கட்டுவான்?"

"அதுக்கு பயப்படறவன் கட்டவே வாணாம்."

படிக்க வைத்ததற்கு எனக்குக் கிடைத்த மரியாதை அது.

பைசல் அதுவரை நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் சூப்பர்வைசர். என் சொல்லை மீறாதவன். கை கழுவிவிட்டு வந்து, கண்ணாடியைத் துடைத்துத் தன் மூக்குக்குக் கீழே பிடித்து, 'பப்பாளி' என்றான். அப்போதும் மங்கியது. என்னிடம் நீட்டினான்.

"நீங்களும் சொல்லுங்க வாப்பா."

"கீழ வை அத."

"கம்பெனில எனக்கு இன்னா பேரு தெரியுமா? மூக்கு பாய். என்ன மாதிரியே பேசிக் காட்டுவானுங்க. நானும் சிரிச்சிகினு நிப்பேன். நீங்க அரபுக் குரல்னு சொல்லி வளத்தீங்க. அங்க எவனுக்கும் அரபு தெரியல."

"ஆபரேஷன் பண்ணிகினு இந்த ஊட்டுல இருக்க முடியாது," என்றேன்.

மருமகள் குழந்தையின் துணிகளை மடிக்கத் தொடங்கினாள்.

அந்த வாரமே கும்மிடிப்பூண்டியில் ஆலைக்குப் பக்கத்தில் வாடகைக்குப் போனார்கள். அறுவை சிகிச்சை நடந்தது. நான் போகவில்லை. கேட்டவர்களிடம் டான்சில் என்றேன். தைத்த அண்ணம் ஆறிய பிறகு, இர்பானா வாராவாரம் போய்க் குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்துவிட்டு வந்தாள். என்னிடம் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பெருநாளைக்கு வந்தார்கள். கூடம் நிறைய உறவுக்காரர்கள். குழந்தை நேராக என் முன்னால் வந்து நின்றது.

"அஸ்ஸலாமு அலைக்கும் தாதா. புதுப் பாவாடை பாத்தீங்களா? வாப்பா பொன்னேரில வாங்கிக் குடுத்தாங்க."

ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது. எங்கள் வீட்டுக் குரல் அதில் கொஞ்சமும் இல்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை. ஆனால் வாய் திறந்தால், அவள் குரலுக்குப் பக்கத்தில் என் குரல் கேட்கும். உதட்டை மட்டும் அசைத்துத் தலையாட்டினேன்.

"தாதாக்குத் தொண்ட வலியா?" என்று குழந்தை இர்பானாவைக் கேட்டது.

"ஆமா," என்றாள் அவள், என்னைப் பார்க்காமல்.