நாலாவது கட்டு

விண்கலத்தில் ஏறவேண்டிய எக்ஸ்-கதிர் நிறமாலைமானிக்கு அவள்தான் பொறுப்பு. கருவியின் உயிர், நகமளவுச் சில்லு ஒன்று. எக்ஸ்-கதிர்த் துகள் வந்து விழுந்தால் சில்லு இம்மியளவு சூடாகும். அந்தச் சூட்டை அளந்தால் கதிர் எந்தத் தனிமத்திலிருந்து கிளம்பியது என்று சொல்லிவிடலாம். அதற்காகவே அதைக் கடுங்குளிரில், பெரிய பிளாஸ்க் போன்ற கலத்துக்குள் அடைத்திருந்தார்கள்.

சோதனையில், வரைபடத்தில் தனிமத்தைக் காட்டும், பிரிந்து நிற்கவேண்டிய இரண்டு கோடுகள் ஒரே மேடாக வீங்கி வந்தன. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டும் காரணம் பிடிபடவில்லை. "இதுவே போதும், அனுப்பிடலாம்" என்றார் இயக்குநர்.

அன்று மதியம் ஒயர் கட்டுபவர் அவள் அறைக்கு வந்தார். ஒயர்களை நூலால் வரிந்து கட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எல்லாருக்கும் அவர் 'முடிச்சு அண்ணன்'.

"மேடம், தப்பு என் பக்கம்தான்னு தோணுது. நாலாவது கட்டைத் தொய்வா விட்டுட்டேன். குளிர்ப் பம்பு ஓடுறப்ப ஆடி, உள்சுவர்ல உரசி, அந்தச் சூடு சில்லுக்கும் போகுதோ என்னவோ."

"நிச்சயமா தெரியுமா அண்ணே?"

"தெரியாது. ஆனா நாலு நாளா தூக்கம் இல்ல."

கலத்தைத் திறந்து, மூடி, மறுபடி குளிரவைக்க ஆறு வாரம். இயக்குநர் தாம்தூம் என்று குதித்தார். "யார் கட்டினது அது?"

"நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட வேலை சார்" என்றாள். இயக்குநர் முனகிக்கொண்டே திறக்க அனுமதி கொடுத்தார்.

திறந்தார்கள். உள்சுவரின் பொன்பூச்சு மயிரிழை அளவு தேய்ந்திருந்தது. அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பழைய கட்டை அவிழ்த்து, புதிதாகக் கட்டினார். குளிர்ந்ததும் இரண்டு கோடுகளும் பளிச்சென்று பிரிந்தன. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

அடுத்த வருடம் கருவி விண்ணில் வேலையைத் தொடங்கியது. எங்கோ தொலைதூரத்தில் கொதிக்கும் வாயுவிலிருந்த இரும்பின் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வரிசையாக நின்றன. படத்தை அச்செடுத்துக்கொண்டு அவள் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்தவருக்கு முகம் வெளுத்தது. "என்ன மேடம், ஏதாவது அவுந்துடுச்சா?"

"ஒண்ணும் அவுரல அண்ணே. நீங்க மட்டும் வாயைத் திறக்கலன்னா இது கிடைச்சே இருக்காது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"அன்னிக்கு நீங்க என்னைக் காட்டிக் குடுக்கலையே மேடம்" என்று அவர் படத்தை வாங்கிப் பார்த்தார்.

அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "இதுல எதும்மா இரும்பு?"

அவள் விரல் வைத்துக் காட்டினாள். மூன்று தலைகளும் காகிதத்தின் மேல் குனிந்தன.