பாபின் தீர்ந்த இடம்

என் தையல்கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கதவோரச் சுவரில் நானே பெயின்டால் எழுதிவைத்த ஒரு வரிதான் விளம்பரம்: ‘இங்கே உள் பாக்கெட் வைத்துத் தரப்படும். பிளேடுக்குப் பெப்பே!’ பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். அங்கே பர்ஸைப் பறிகொடுக்காதவர்கள் இரண்டே வகை, ஒன்று பர்ஸே இல்லாதவர்கள், இன்னொன்று என்னிடம் பேன்ட் கொடுத்தவர்கள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாய் கிழியச் சொல்வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கையும் அதற்கு ஈடாக ஓடியதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உள் பாக்கெட் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பேன்ட்டின் இடுப்புப் பட்டிக்கு உள்பக்கம் கெட்டித் துணியில் ஒரு சின்னப் பை. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அடிப்பக்கத்தை இரண்டு ஓட்டு தைத்து, முனையில் முன்னும் பின்னும் மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். பதினெட்டு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

அன்று காலை கண்ணாடி சார் வந்து நின்றார். பதிவு அலுவலகத்தில் எழுத்தர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு உலகமெல்லாம் அதைத் தேடுவார், அதனால் நான் வைத்த பெயர். முந்தின நாளே பேன்ட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நான்தான் அதைத் தொடவே இல்லை.

“ரெடியாம்மா? பத்து மணி பஸ்ஸைப் பிடிக்கணும். பொண்ணோட சங்கிலி கொக்கி உடைஞ்சுபோச்சு, நகைக்கடையில குடுக்கணும். பையில வெச்சா பயமா இருக்கு.”

“இதோ, கடைசி தையல்தான் சார் பாக்கி,” என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மெஷினில் உட்கார்ந்தேன்.

அவர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு எரிச்சல். ஒரு ஓட்டு ஓட்டினேன். இரண்டாவது ஓட்டுக்கு நேரமில்லை. நூலை வெட்டிப் பேன்ட்டைக் கொடுத்தேன். மூலையில் துணி மாற்றுவதற்கு ஒரு திரை கட்டியிருக்கிறேன், அதற்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டார். அப்போதுதான் பாபினைக் கழற்றிப் பார்த்தேன். காலி.

தைக்கத் தெரிந்தவர்களுக்கு இது புரியும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மெஷினில் மேலே ஒரு நூல், கீழே பாபினில் ஒரு நூல். இரண்டும் பின்னிக்கொண்டால்தான் தையல். கீழ் நூல் தீர்ந்துபோனாலும் மெஷின் நிற்காது, அதே சத்தத்தோடு ஓடும். மேல் நூல் துணிமேல் சும்மா படுத்துக் கிடக்கும். பார்த்தால் தையல், இழுத்தால் ஒன்றுமில்லை. அந்தப் பாக்கெட்டின் அடியில் எவ்வளவு தூரம் அப்படி ஓடியிருக்கும் என்று எனக்குக் கணக்குத் தெரியும். எப்படியும் இரண்டு விரல் அகலம்.

திரைக்குப் பின்னால் அவர் பெல்ட் மாட்டும் சத்தம் கேட்டது. ‘சார், ஒரு நிமிஷம் கழட்டிக் குடுங்க’ என்று சொல்ல ஒரு மூச்சு போதும். பதினெட்டு வருஷப் பெருமை என் வாயைக் கட்டிப்போட்டது. ஒரு நாளைக்குத்தானே, தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“கண்ணை மூடிட்டுப் போங்க சார். எவன் கை வெச்சாலும் கிடைக்காது,” என்றேன்.

மூன்று நாள் கழித்து அதே பேன்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“கேட்டியாம்மா கதையை! உன் பாக்கெட்டையே அறுத்துட்டான்!”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “யாரு சார்?”

“அவன்தான், பஸ்ல ஊசி விக்கிறவன். பக்கத்துலயே இடிச்சுக்கிட்டு நின்னான். ரெண்டு ஸ்டாப் தாண்டி இடுப்பைத் தடவிப் பார்க்கிறேன், சங்கிலி இல்ல. பஸ்ஸை நிறுத்தி அவன் பெட்டியைத் திறந்தா, உள்ள பிளேடு! அப்புறம் என்ன, கண்டக்டர்தான் முதல் அறை விட்டாரு. நானும் சும்மா சொல்லக்கூடாது, ரெண்டு வெச்சேன். போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு நாள் உட்கார வெச்சாங்க.”

“சங்கிலி?”

“அதான் அதிசயம். டிப்போவுல பஸ்ஸைக் கூட்டுற அம்மா சீட்டுக்கு அடியில பார்த்து எடுத்துக் குடுத்துட்டாங்க. மாட்டிக்குவோம்னு பயந்து கீழே போட்டிருக்கான் ராஸ்கல். இனிமே எந்தப் பஸ்லயும் அவனை ஏத்தக்கூடாதுன்னு கண்டக்டர் எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டாங்க.”

ஊசிக்காரரை எனக்கு ஏழெட்டு வருஷமாகத் தெரியும். கழுத்தில் தொங்கும் பெட்டியில் ஊசி, ஊக்கு, சீப்பு. ‘பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டா தைக்க முடியாது, பட்டன் கோவிச்சுக்கிட்டா தைக்கலாம், வாங்குங்க வாங்குங்க’ என்று பஸ்ஸில் கூவுவார். வாரம் ஒருமுறை மெஷின் ஊசி கொண்டுவந்து கொடுப்பார். ஊசிப் பாக்கெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீளமாக வரும். அதை வெட்டிக் கொடுக்கத்தான் பெட்டியில் அந்த பிளேடு. என் கண்ணெதிரே நூறு தடவை வெட்டியிருக்கிறார்.

அதெல்லாம் தெரிந்திருந்தும் நான் சொன்னது இதுதான்: “அவன் முழியே சரியில்லைன்னு எனக்கு எப்பவோ தோணுச்சு சார்.”

அப்படி எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. என் பாக்கெட்டை ஒருவன் அறுத்துவிட்டானே என்ற ஆத்திரத்தில் வந்த வார்த்தை. பாபின் விஷயம் அந்த நேரத்தில் நினைவிலேயே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களோ மாட்டீர்களோ. நினைக்கக்கூடாது என்று நான் ஒதுக்கி வைத்திருந்தேன், அது ஒளிந்துகொண்டிருந்தது.

அவரை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டுப் பேன்ட்டை உள்பக்கம் திருப்பினேன்.

பிளேடு பட்ட துணி எனக்குத் தெரியும். எத்தனை கிழிசல் இந்தக் கைக்கு வந்திருக்கிறது. ஓரம் நறுக்கென்று இருக்கும், இழைகள் ஒரே அளவில் நிற்கும். இந்தத் துணியில் ஒரு கீறல்கூட இல்லை. அடிப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு வாய் பிளந்திருந்தது. ஊசி போன ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. மேல் நூல் அறுபடாமல், முழுசாக, சுருண்டு தொங்கியது. சங்கிலி அந்த வழியாக நழுவி, பேன்ட் காலுக்குள் இறங்கித் தரையில் விழுந்திருக்கிறது. அதை யாரும் எடுக்கவில்லை. எடுக்காத சங்கிலிக்காக ஒரு மனுஷன் அடி வாங்கியிருக்கிறார்.



“பெரிய வெட்டாம்மா?” என்றார் சார். கண்ணாடி வழக்கம்போல நெற்றியில்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பேன்ட்டை மடியில் இறக்கி மறைத்துக்கொண்டேன். புது பாபின் போட்டேன். தொங்கிய நூலைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தேன். இரண்டு ஓட்டு, மேலே இன்னொரு ஓட்டு, முனையில் நாலு முறை மிதித்துக் கெட்டிப்படுத்தினேன். அவ்வளவு அழுத்தமாக என் வாழ்நாளில் எதையும் தைத்ததில்லை.

“எவ்வளவும்மா?”

“வேணாம் சார், இதுக்குப் போய்.”

“உன் மனசு யாருக்கு வரும்!” என்று சொல்லிவிட்டுப் போனார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவர். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். “சங்கிலிதான் கிடைச்சிருச்சே, அந்த ஆளையும் விட்டுட்டாங்க. நீ வேற ஏன் கிளறுற? வெளிய தெரிஞ்சா கடையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்,” என்றார். அவர் சொன்னது எனக்கு இனித்தது. அதையே பிடித்துக்கொண்டு பத்து நாள் ஓட்டினேன். வாசலில் யாராவது உள் பாக்கெட் கேட்டு வந்தால் மட்டும் முதுகு கூசியது. சுவரில் இருந்த ‘பெப்பே’யைப் பார்க்காமல் கடைக்குள் நுழையப் பழகிக்கொண்டேன்.

ஊசிக்காரர் வரவே இல்லை. பதினோராம் நாள் மெஷின் ஊசி உடைந்தது. டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன், ஒன்றுகூட மிச்சமில்லை. வாங்கிவரக் கடைவீதிக்குப் போனேன். மருந்துக்கடை வாசலில், நடைபாதையில், அவர் உட்கார்ந்திருந்தார். முன்னால் பெட்டி திறந்து கிடந்தது. கூவவில்லை. கீழுதடு ஒரு பக்கம் தடித்துக் கறுத்திருந்தது. யாரோ நெருங்குவது தெரிந்ததும் இரண்டு கைகளையும் எடுத்துப் பெட்டி மூடிமேல் விரித்து வைத்துக்கொண்டார்.

“வாங்கக்கா. மெஷின் ஊசிதானே? பதினாறாம் நம்பர். வெச்சிருக்கேன்.”

“கையை ஏன் இப்படி வெச்சிருக்கீங்க?”

“வெளிய தெரியற மாதிரி இருக்கணுமே அக்கா. பழகிடுச்சு.” சிரிக்கப் பார்த்தார், உதடு இடம் கொடுக்கவில்லை.

“வியாபாரம் எப்படி?”

“உட்கார்ந்த இடத்துல யாருக்கா ஊசி வாங்குவா? பஸ்ல ஏறினாத்தான் எனக்குப் பேச்சே வரும்.”

அவர் சட்டையின் தோள்பட்டை கிழிந்து தைக்கப்பட்டிருந்தது. கைத்தையல். பொடிப்பொடியாக, ஒரே அளவில், முனையில் இரட்டை முடிச்சு. ஒருவரும் பார்க்காத உள்பக்கம்கூடச் சீராக இருக்கும் என்று அந்த முடிச்சைப் பார்த்தாலே தெரிந்தது. அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. நடைபாதையிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பாபின் காலியானது, பார்த்தும் சொல்லாமல் விட்டது, வெட்டே இல்லாத துணி, நான் மூடித் தைத்தது, அவர் முழியைப் பற்றிச் சொன்னது, எல்லாவற்றையும் கொட்டினேன். அழுகையும் வந்துவிட்டது. மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

ஊசிப் பாக்கெட்டை எடுத்தார். பழக்கத்தில் பிளேடைத் தேடினார், பாதியில் கையை இழுத்துக்கொண்டு, பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரித்தார். அதை என் உள்ளங்கையில் வைத்தார்.

“என்கிட்ட சொல்லி என்னக்கா ஆகப்போகுது? நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியாதா?”

கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. அவர் குரலை உயர்த்தக்கூட இல்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்து, அதைக்கூட எது எனக்குச் சுலபமோ அந்த இடமாகப் பார்த்து இறக்கி வைக்க வந்திருக்கிறேன். யாருக்குத் தெரியாதோ அவர்களிடம் போக எனக்குத் தைரியம் இல்லை. இருந்த பாரத்தையும் அவர் மடியில் போட்டுவிட்டு எழுந்துபோகப் பார்த்தேன்.

மறுநாள் பத்து மணி பஸ் புறப்பட ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஏறினேன். கையில் ஒரு துண்டுத் துணி. இரண்டாக மடித்து, பாபின் இல்லாமல் வேண்டுமென்றே ஒரு ஓட்டு தைத்து எடுத்துப் போயிருந்தேன். உட்கார இடமில்லாத அளவுக்குக் கூட்டம், பெரும்பாலும் தினமும் அந்தப் பஸ்ஸில் போகிறவர்கள். மூன்றாவது வரிசையில் கண்ணாடி சார். பின்வாசலில் கண்டக்டர்.

“ஒரு நிமிஷம், எல்லாரும் கேளுங்க...” ஊரையே வாயால் அளக்கிற எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

முன்சீட்டில் ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார். “என்ன விக்கிற?”

“எதுவும் விக்கலம்மா.”

துணியை உயர்த்திப் பிடித்து நூலின் நுனியை இழுத்தேன். ஒரே இழுப்பில் மொத்த நூலும் கையோடு வந்தது, துணி வாயைப் பிளந்தது. “போன வாரத்துக்கு முந்தின வாரம் இந்தப் பஸ்ல ஊசிக்காரரை அடிச்சீங்களே, அந்தப் பாக்கெட் நான் தைச்சது. அதுல வெட்டே கிடையாது. தையல் இப்படித்தான் விட்டுப்போயிருந்துச்சு. சங்கிலி தானா விழுந்திருக்கு. அவர் எடுக்கல. தையல் சரியில்லைன்னு தெரிஞ்சேதான் நான் குடுத்தேன்.”

யாரோ ஒருவர் சிரித்தார். யாரோ “அடிப்பாவி” என்றார். கண்ணாடி சார் எழுந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

“நான் பேன்ட்டைக் கொண்டுவந்தப்பவே பார்த்துட்டியா?”

“பார்த்தேன் சார்.”

“அப்பவே ஏம்மா சொல்லல? நான் என் கையால ஒரு மனுஷனை...” முடிக்காமல் நிறுத்தினார்.

“அசிங்கமா இருந்துச்சு சார்.”

“இப்ப மட்டும்?”

“இப்பவும்தான்.”

அவர் உட்கார்ந்துவிட்டார். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் டிக்கெட் கட்டைப் பிரித்து, மறுபடி அடுக்கி, மறுபடி பிரித்தார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “அவரைப் பார்த்தா ஏறிக்கச் சொல்லும்மா. இல்ல, வேணாம். நானே போய்ச் சொல்றேன். எங்க உட்கார்ந்திருக்கார்?”

மருந்துக்கடை வாசல் என்று சொன்னேன். டிரைவர் ஹாரனை அழுத்தினார். நான் இறங்கத் திரும்பினேன்.

என்ன விற்கிறாய் என்று கேட்டாரே, அந்த அம்மா வாசலை ஒட்டிய இருக்கையில்தான் இருந்தார். நான் கிட்டே வருவதைப் பார்த்ததும் பக்கத்தில் வைத்திருந்த கைப்பையை மடிக்கு இழுத்து, இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டார். ‘நான் யார் பையிலயும் கை வெச்சதில்லம்மா’ என்று சொல்ல வாயெடுத்தேன். ஊசிக்காரர் அன்று இதே இடத்தில் நின்று அதைத்தான் சொல்லியிருப்பார், அவர் சொன்னது உண்மை, அதையே யாரும் நம்பவில்லை. என் வாய் தானாக மூடிக்கொண்டது. இரண்டு கைகளும் எல்லார் கண்ணிலும் படும்படி மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டே வாசல்வரை நடந்து, இறங்கினேன்.