காருக்கு ஒரு கையெழுத்து

படலையடியில் மோட்டார் சைக்கிள் வந்து நின்ற சத்தம் கேட்டதும் நேசையா மாஸ்டர் ரேடியோவை நிறுத்தினார். முன்கதவுக் கொண்டியைச் சத்தமில்லாமல் போட்டார். மூத்த மகள் அபிகாயில் யன்னல் சீலைக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றாள். கார்க் கடன் தவணை கட்டாவிட்டால் அடுத்த முறை பொலிசோடுதான் வருவேன் என்று லீசிங் கொம்பனிப் பெடியன் போன கிழமையே சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"ஆர், பொலிசே?" தகப்பன் மெல்லக் கேட்டார்.

"இல்லை அப்பா. கொம்பனிப் பெடியன். பின்னாலை கராஜ்கார எமில்ராஜ் அண்ணையும் வாறார்."

அந்தக் கார் அபிகாயிலின் சீதனம். வீடும் நகையும் காணாதென்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்கியது. பென்சன்காரரான மாஸ்டருக்குக் கொம்பனி லீசிங் கொடுக்காது; ஆகவே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் மகள் கையெழுத்து வைத்தாள். ஓடித் திரிந்தவன் மருமகன் றோகான். ஒருநாள் மதிலோடு மோதி, காரை மருதனார்மடத்துக் கராஜுக்கு இழுப்பித்து விட்டவன், அதைத் திருப்பி எடுக்காமலே கனடாவுக்கு ஏறிவிட்டான். முதலில் போன் வந்தது. பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

புத்தூரில் ஊர்ச் சனத்துக்குச் சொன்ன கதை வேறு. மருமகனுக்குக் கனடாவில் விசாப் பேப்பர் சரிவரவில்லை, வந்து காரை எடுப்பார் என்று சொன்னார்கள். கொம்பனி கேட்டது ஒரேயொரு கடிதம்: கணவர் காரை விட்டுவிட்டுப் போய்விட்டார், இருக்கும் இடம் தெரியாது, காரை ஒப்படைக்கிறேன். மாஸ்டர் அதில் கையெழுத்து வைக்க விடவில்லை. அப்படி எழுதிக் கொடுத்தால் சின்னவள் அனுஜாவை யார் எடுப்பான் என்பது அவர் கவலை. ஓடினவன் தலை நிமிர்ந்து திரிய, இருந்தவள் ஒளித்திருக்க வேண்டும். நம்முடைய குடும்ப மரியாதையின் இலட்சணம் இதுதான்.

வெளியே பெடியனுக்கும் எமில்ராஜுக்கும் சத்தம் ஏறியது.

"கார் கொம்பனியின்ரை பேரிலை. இண்டைக்கே ஏத்தப்போறன்."

"என்ரை கூலியை வைச்சுப்போட்டு ஏத்து தம்பி. ஒரு வருசமா என்ரை வளவிலை நிக்குது. உள்ளுக்கை பூனை குட்டி போட்டிருக்கு."

"அதை வீட்டுக்காரரிட்டைக் கேளுங்கோ."

"கேட்டனான். றோகான்ரை தாய் சொல்லுறா, கார் மகனுக்குத் தந்த சீதனமாம், தங்களுக்குத்தான் வரவேணுமாம். கடன் மட்டும் பொம்பிளை வீட்டாக்களின்ரையாம்."

அபிகாயில் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஓர் ஓட்டோ வந்து நின்றது. சாவகச்சேரியிலிருந்து அனுஜாவின் கலியாணப் பேச்சுக்கால் விசயமாக, மாப்பிள்ளையின் பெரியப்பா சீவரத்தினம், சொன்ன நேரத்துக்கு முன்னமே வந்து இறங்கினார். கடன்காரருக்குப் பூட்டிய கதவைச் சம்பந்திக்குத் திறக்கத்தானே வேண்டும். திறந்ததும் மூன்று பேரும் உள்ளே வந்தார்கள்.

"உவை ஆர்?" என்றார் சீவரத்தினம்.

"பள்ளிக்கூட விசயமா வந்தவை" என்றார் மாஸ்டர். எமில்ராஜ் நிலத்தைப் பார்த்தார். பெடியன் அபிகாயிலைப் பார்த்தான்.

சீவரத்தினம் கதிரையில் வசதியாகச் சாய்ந்தார். "எங்களுக்குப் பெரிசா ஒண்டும் வேண்டாம் மாஸ்டர். பெடியன் ஒரு காருக்கு ஆசைப்படுறான். மூத்தவளுக்குச் செய்த மாதிரி லீசிங்கிலை எடுங்கோ. சின்னவளின்ரை பேரிலை இருக்கட்டும். கட்டுறதை அவன் பாப்பான்."

கட்டுறதை அவன் பாப்பான். இதே வாக்கை இதே விறாந்தையில் அபிகாயில் முன்பும் கேட்டிருந்தாள். குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டத்தோடு அனுஜா நின்றாள். கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தமிட்டன. தங்கையும் இனி ஒரு யன்னல் சீலைக்குப் பின்னால் நிற்கப் போகிறாள் என்று அபிகாயில் பயந்தாள். பொலிசுக்குக்கூட அவள் இவ்வளவு பயப்பட்டதில்லை.

"தம்பி, அந்தக் கடிதத்தைத் தாங்கோ."

"அபி, நீ உள்ளுக்கை போ" என்றார் தகப்பன்.

"போகேல்லை அப்பா." அவள் சீவரத்தினத்தின் பக்கம் திரும்பினாள். "இவை பள்ளிக்கூட விசயமா வரேல்லை. என்ரை சீதனக் காருக்காக வந்தவை. அவர் காரையும் விட்டுட்டு, என்னையும் விட்டுட்டுப் போட்டார். இனி வரமாட்டார்."

பெடியனின் பேனையை வாங்கிக் கடிதத்தில் கையெழுத்து வைத்தாள். "காரை வித்தால் முதல் எமில்ராஜ் அண்ணையின்ரை கூலியைக் குடுங்கோ. மிச்சக் கடனை மாசாமாசம் நான் கட்டுறன்."

எமில்ராஜ் தலையாட்டினார். மாஸ்டர் முகத்தைப் பொத்திக்கொண்டார். சம்பந்தம் போய்விட்டதென்றே நினைத்தார்.

சீவரத்தினம் தொண்டையைச் செருமினார். "உது உங்கடை வீட்டு விசயம். எங்களுக்கு அதாலை பிரச்சினையில்லை." பிறகு கொம்பனிப் பெடியனிடம் திரும்பினார். "தம்பி, புதுக் காருக்கும் உங்கடை கொம்பனியிலையே போடலாமோ?"

பெடியன் பழக்க தோஷத்தில் புதுப் படிவம் எடுக்கப் பையைத் திறந்தான். மாஸ்டர் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு தெளிவுகூட வந்தது.

அபிகாயில் பேனையை மூடி, பெடியனின் சட்டைப் பையில் செருகினாள். "பையைப் பூட்டுங்கோ தம்பி. இந்த வீட்டிலை காருக்குக் கையெழுத்து வைக்க இனி ஆளில்லை."

அனுஜா தட்டத்தோடு வந்தாள். சீவரத்தினம் கையை நீட்டினார். அவள் அவரைத் தாண்டிப் போய், வாசலில் நின்ற எமில்ராஜிடம் முதல் கோப்பையைக் கொடுத்தாள்.