வோல்கமேரியா என்கிற பீநாறிச்சங்கு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முத்துக்குளிப்பைப் பற்றி எழுதத்தான் வேம்பாருக்குக் கிளம்பினேன். பஸ் பஞ்சராகி உப்பளத்தோரம் நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் பார்க்கக் கிடைத்தது ஒரு புதர்தான்: பீநாறிச்சங்கு. உப்புத்தண்ணீரில் வளரும், வெயிலைச் சட்டை செய்யாது. வெள்ளைப்பூ அழகு. இலையைக் கசக்கினால் பெயர்க்காரணம் விளங்கும்.

[அன்றைக்குக் கடல்... வேண்டாம். கடலுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.]

2

ஜெபசுதா மில்லர்புரத்துக்காரி. துறைமுகத்தில் ஒரு சரக்கு ஏஜென்சியில் வேலை. (முதல் பிரதியில் அனுதாபத்துக்காக அவளை விதவையாக்கியிருந்தேன். பாவமாக இருந்தது. கணவன் நேசக்குமாரை உயிரோடு கொண்டுவந்தேன். வந்தவன் சும்மா இருந்தானா?)

அவள் வைத்த ரோஜாக்கள் எல்லாம் போர்வெல் தண்ணீர் உப்பில் கருகின. காம்பவுண்டு ஓரம் தானாக முளைத்த பீநாறிச்சங்கு மட்டும் பூத்தது. நேசக்குமார் அதைப் பீங்கான் தொட்டியில் வைத்து, 'வோல்கமேரியா' என்று அதன் தாவரவியல் பெயரை எழுதி, நகர்ச் சங்கத்துப் பூக்கண்காட்சிக்குக் கொண்டுபோனான். முதல் பரிசு. ஒரு குக்கர்.

"எந்த நாட்டுச் செடிம்மா?" சங்கத் தலைவர் ஆறுமுகநயினார் மைக்கில் கேட்டார்.

அவள் வாயைத் திறக்குமுன் நேசக்குமார், "கடலோரத்துல வளருதது அண்ணாச்சி" என்றான்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் வினை.

3

அண்ணாச்சிக்கு ஆசை வந்துவிட்டது. பூங்காவுக்கு விட்ட காலிமனையில் மண்டிக்கிடக்கும் பீநாறிச்சங்கை எல்லாம் ஜேசிபி வைத்துப் பிடுங்கிவிட்டு, இருநூறு வோல்கமேரியா நடுவது. ரிப்பன் வெட்டுவது ஜெபசுதா.

அவளுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

"ஏங்க, நாலு பேரு முன்னால என்னையக் கள்ளியாக்கிட்டீங்களே."

"சும்மா இரி ஏளா. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்லா."

4

சனிக்கிழமை காலை. ஜேசிபி ஓட்டுநர் வேல்ராஜ் எஞ்சினைக் கிளப்பியிருந்தான். ஜெபசுதா ஒரு கையில் தொட்டியும் மறுகையில் குக்கருமாக வந்தாள்.

"அண்ணாச்சி, ரெண்டும் ஒரே செடி."

மனையில் ஓர் இலை, தொட்டியில் ஓர் இலை கிள்ளிக் கசக்கி அவர் மூக்கில் வைத்தாள். அவர் கண்ணை மூடி மாறி மாறி மோந்தார்.

"இது நம்மூரு நாத்தம்" என்றார். "இதுல ஒரு ஃபாரின் வாசம் இருக்கு, பாத்துக்கோ."

கூட்டம் தலையாட்டியது. நேசக்குமாரும்தான் ஆட்டினான்.

ஜெபசுதா குக்கரை அவர் கையில் கொடுத்தாள். "ஒருதடவ பருப்பு வச்சேன். விசில் நல்லா வருது." பிறகு புதருக்குள் இறங்கி, ஜேசிபிக்கு நேரே போய் நின்றாள். இரண்டு நாளில் முதல்முறையாக அவளுக்குப் பசித்தது.

5

முடிவு ஒன்று: அண்ணாச்சி மனம் மாறுகிறார். (இத்தனை நேரம் அவரோடு பழகியாயிற்று. மாறமாட்டார்.)

முடிவு இரண்டு: எல்லாவற்றையும் பிடுங்கி, இருநூறும் நட்டு, ஆறு மாதத்தில் மனை பழையபடியே நிற்கிறது. (எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் அதற்கு ஜெபசுதா நகரவேண்டும். எழுதிப் பார்த்துவிட்டேன், நகரமாட்டேன் என்கிறாள்.)

முடிவு மூன்று: வேல்ராஜ்...

வேல்ராஜ் தலையை வெளியே நீட்டுகிறான். "எதப் பிடுங்க, எத நடன்னு யாராவது ஒரு ஆளு சொல்லுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி குக்கரோடு திரும்பி என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன்.